களமும் கைப்பேசியும்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுத் துறைகள் இரசிகரை அடையும் வழி

செய்தி ஒன்று மக்களிடம் சென்று சேர வேண்டுமாயின் அதற்கு ஒரு வாயில் வேண்டும். பண்டைத் தமிழகத்தில் அரசாணையை யானைமீது அமர்ந்து முரசறைந்து அறிவித்தனர். காதல் நெஞ்சத்தின் சொல்லைக் கிளியும் அன்னமும் மேகமும் தூதாகச் சுமந்து சென்றன எனப் பாடினர் நம் புலவர். அச்சுப்பொறி வந்தபின் நாளிதழ் அவ்வாயிலாயிற்று. பின்னர் வானொலியும் தொலைக்காட்சியும் வந்தன. இன்று அவ்வாயில் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் இருக்கிறது. கைப்பேசி வழியே இயங்கும் முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப், எக்ஸ் முதலியவற்றைச் சமூக ஊடகம் என வழங்குகிறோம்.

இவ்வூடகத்தைக் கல்லூரிகளின் விளையாட்டுத் துறைகள் எங்ஙனம் கையாளுகின்றன என்பதை ஈண்டுக் காண்போம். இதற்கு அமெரிக்க நாட்டை நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கல்லூரி விளையாட்டு அங்கு மாணவர் பொழுதுபோக்காக மட்டும் இராமல், ஊர்த் திருவிழாவாகவும் பெருந்தொழிலாகவும் நிகழ்கிறது. ஆகவே இவ்வூடகத்தின் பயனும் தீங்கும் அங்கு முற்படத் தெரிந்தன, தெளிவாகவும் தெரிந்தன.

விளையாட்டும் விளம்பரமும்

அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டி 1852-ஆம் ஆண்டில் ஹார்வர்டு, யேல் ஆகிய இரு கல்லூரி மாணவரிடையே நடந்த படகுப் போட்டியாகும். நியூ ஹாம்ஷயர் மாநிலத்து ஏரி ஒன்றில் அது நிகழ்ந்தது. அதற்கு ஏற்பாடு செய்து செலவை ஏற்றவர் ஒரு புகைவண்டி நிறுவனத்தார். போட்டியைக் காண வரும் மக்கள் தம் வண்டியில் ஏறுவர் என்பதே அவர்தம் எண்ணம். கல்லூரி விளையாட்டு பிறந்தபோதே விளம்பரமும் அதனுடன் பிறந்தது எனலாம்.

1869 நவம்பர் 6-ஆம் நாள் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகளிடையே முதல் காற்பந்துப் போட்டி நடந்தது. இவ்விளையாட்டே பின்னர்ப் பல மாற்றங்களைப் பெற்று, பந்தைக் கையிலேந்தி ஓடி மோதும் அமெரிக்கக் காற்பந்தாக வளர்ந்தது. அம்மோதலில் மாணவர் பலர் படுகாயமுற்றனர், சிலர் உயிரிழந்தனர். 1905-இல் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிப் பொறுப்பாளரை அழைத்துப் பேச நேர்ந்தது. அதன் பின்விளைவாக 1906-இல் தோன்றிய அமைப்பே இன்று என்.சி.ஏ.ஏ. என வழங்கும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். மாணவர் உடலையும் உயிரையும் காக்கும் பொருட்டு எழுந்த சங்கம் இது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். இக்கட்டுரையின் பிற்பகுதியில் அது நமக்குப் பயன்படும்.

இன்று இச்சங்கத்தில் ஏறத்தாழ 1,100 கல்லூரிகள் உள்ளன. அவற்றின் சார்பில் ஆடும் மாணவ மாணவியர் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் காற்பந்து அரங்கில் மட்டும் 1,07,601 பேர் அமரலாம். பெருநகரங்களிலிருந்து தொலைவில் உள்ள பல ஊர்களில் தொழில்முறை அணிகள் இல்லை. கல்லூரி அணியே ஊர் அணி. அங்குப் படித்து வெளியேறியவர் முதுமை வரையிலும் அவ்வணியின் நிறத்தை அணிந்து ஆட்டம் காண வருகின்றனர். அவர் தரும் நன்கொடையும், நுழைவுச் சீட்டு வருவாயும், தொலைக்காட்சி நிறுவனங்கள் தரும் தொகையும் விளையாட்டுத் துறையைத் தாங்குகின்றன. இரசிகரோடு தொடர்பு அறுந்தால் துறையின் அடித்தளமே அசையும்.

பிறர் வாயிலில் நின்ற காலம்

சமூக ஊடகம் தோன்றுமுன் இத்தொடர்பை விளையாட்டுச் செய்தி அலுவலர் பேணிவந்தார். ஆட்ட முடிவுகளைத் தட்டச்சு செய்து நாளிதழ்களுக்கு அனுப்புதல், ஆட்டக்காரரின் புள்ளிவிவரங்களைத் தொகுத்தல், செய்தியாளருக்கு உரிய கையேட்டை அச்சிடுதல் ஆகியன அவர்தம் பணிகள். எச்செய்தியை வெளியிடுவது, எதனை விடுப்பது என்பதை இதழாசிரியரே முடிவு செய்தார். காற்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் பக்கங்கள் கிடைத்தன. நீச்சல் அணியும் மகளிர் கைப்பந்து அணியும் பெரும்பாலும் ஓரிரு வரிகளோடு அமைந்தன.

தொலைக்காட்சியிலும் நிலைமை இதுவே. எந்த ஆட்டத்தை ஒளிபரப்பலாம் என்பதை நெடுங்காலம் என்.சி.ஏ.ஏ. கட்டுப்படுத்திவந்தது. அக்கட்டுப்பாடு வணிகப் போட்டிச் சட்டத்துக்கு மாறானது என 1984-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒளிபரப்பு பெருகிற்று. ஆயினும் சிறிய கல்லூரிகளும் சிறிய விளையாட்டுகளும் பிறர் வாயிலில் காத்து நிற்கும் நிலை மாறவில்லை.

புதிய வாயில்

முகநூல் 2004-இல் ஹார்வர்டு மாணவர் விடுதியில் தோன்றியது. தொடக்கத்தில் கல்லூரி மாணவர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2005-இல் யூடியூபும், 2006-இல் ட்விட்டரும், 2010-இல் இன்ஸ்டாகிராமும் வந்தன. ட்விட்டர் 2023-இல் எக்ஸ் எனப் பெயர் மாறியது. இளைஞர் கூடிய இடம் இதுவெனக் கண்ட விளையாட்டுத் துறைகள் விரைந்து அங்குச் சென்றன.

இதற்கு நல்லதொரு சான்று உண்டு. ஒரே பொருளைப் பற்றிப் பலரும் எழுதுவனவற்றை ஒன்றுசேர்க்கும் அடையாளச் சொல்லை ஹேஷ்டேக் என்பர். 2011 நவம்பரில் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம் தன் ஆடுகளத்துப் புல்தரையின் எல்லைப் பகுதியில் அத்தகைய சொல்லொன்றைப் பெரிய எழுத்துகளில் தீட்டியது. அரங்கில் இருந்தோரும் இல்லத்தில் தொலைக்காட்சி கண்டோரும் அச்சொல்லைக் கண்டு தத்தம் கருத்துகளை அதன்கீழ் எழுதினர். அதனைக் கண்டு வேறு சில கல்லூரிகளும் அவ்வாறே தீட்டின. 2013-இல் காற்பந்து விதிக்குழு, ஆடுகளத்தில் இத்தகைய சமூக ஊடகக் குறிகள் கூடா எனத் தெளிவுபடுத்தியது. புல்தரையில் எழுதுவது நின்றது. கைப்பேசியில் எழுதுவது நிற்கவில்லை.

பணி நிகழும் முறை

இன்று பெரிய பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறையில் இதற்கெனத் தனிப் பிரிவே இயங்குகிறது. நிழற்படக் கலைஞர், காணொலி தொகுப்போர், வரைகலை வல்லுநர், சொல்லெழுதுவோர் எனப் பலர் உள்ளனர். சிறிய கல்லூரிகளில் இப்பணிகள் யாவற்றையும் ஒருவரே செய்வார். மாணவர் சிலர் துணை நிற்பர். அப்பணியை மூன்று நிலைகளாகப் பகுத்துக் காணலாம்.

ஆட்டத்துக்கு முன்னர், நாள், நேரம், எதிரணி ஆகிய விவரங்களைக் கவினுற அமைத்து வெளியிடுவர். பயிற்சிக் காட்சிகளும் ஆட்டக்காரர் நேர்காணல்களும் இடம்பெறும். சீட்டு வாங்கும் வழியையும் உடன் தெரிவிப்பர்.

ஆட்டத்தின்போது, புள்ளிநிலை உடனுக்குடன் எழுதப்படும். சிறந்ததோர் எறிதலோ தாவலோ நிகழ்ந்த சில மணித்துளிகளில் அதன் சிறு காணொலி வெளிவரும். தொலைவிலுள்ள பெற்றோர்க்கும் கடல்கடந்து வாழும் பழைய மாணவர்க்கும் இது பெரும்பேறு.

ஆட்டம் முடிந்தபின், வெற்றிக் களிப்பையும் தோல்வியின் அமைதியையும் உடைமாற்றும் கூடத்திலிருந்து காட்டுவர். ஆட்டமில்லாத நாள்களில் மாணவரின் தேர்வு வெற்றி, பட்டமளிப்பு, தொண்டுப் பணி, பழைய ஆட்டக்காரரின் நினைவுகள் ஆகியன வெளிவரும். இரசிகர் அணியை அறிந்திருந்தது போக, ஆட்டக்காரரின் ஊரையும் குடும்பத்தையும் பாடத்தையும் அறியத் தொடங்குவது இந்நிலையில்தான். இவ்வறிமுகம் தோல்விக் காலத்திலும் இரசிகரைப் பிரியாது நிறுத்துகிறது.

ஊடகத்துக்கு ஊடகம் மொழியும் மாறும். எக்ஸ் தளத்தில் உடனடிச் செய்தியும் நகைச்சுவையும் பொருந்தும். இன்ஸ்டாகிராமில் படமே தலைமை பெறும். யூடியூபில் நீண்ட காணொலிகளுக்கு இடமுண்டு. முகநூலில் மூத்த பழைய மாணவரும் பெற்றோரும் மிகுதி. யாரிடம் பேசுகிறோம் என்பதை அறிந்து சொல்லைத் தேர்தல் வேண்டும் என்னும் பழைய உரைநெறியே இங்கும் ஆட்சி செய்கிறது.

கேட்போருள் மற்றொரு குழுவினரும் உளர். அவர் அடுத்த ஆண்டில் கல்லூரியில் சேரவிருக்கும் உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர். அவரை ஈர்ப்பதில் கல்லூரிகளிடையே கடும் போட்டி நிலவுவதால் விதிகளும் நுணுக்கமாயின. பயிற்றுநர் இம்மாணவருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதை 2007-இல் என்.சி.ஏ.ஏ. தடை செய்தது, பின்னர் அத்தடையைப் படிப்படியாகத் தளர்த்தியது. 2016 ஆகஸ்டு முதல், அம்மாணவரின் பதிவுக்குப் பயிற்றுநர் விருப்பக் குறி இடலாம், அதனைப் பகிரலாம். ஆயின் அதன்கீழ்ச் சொல்லெதுவும் எழுதலாகாது என முதல் பிரிவுக் கல்லூரிகளுக்கு விதி வகுக்கப்பட்டது. ஒரு சொல்லுக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதை இவ்விதி உணர்த்தவில்லையா?

சிறிய கல்லூரியின் பெரும்புகழ்

பொருள்வளம் மிக்க கல்லூரிக்கே இவ்வூடகம் உதவும் எனக் கருதுதல் பிழையாகும். மேரிலாந்து மாநிலத்தில் 1966-இல் தொடங்கப்பெற்ற யு.எம்.பி.சி. என்னும் பல்கலைக்கழகம் அறிவியல் கல்விக்கும் சதுரங்கத்துக்கும் பெயர் பெற்றது. கூடைப்பந்தில் அதனை அறிந்தோர் மிகச் சிலரே. 2018 மார்ச்சு 16-ஆம் நாள் தேசியப் போட்டியின் முதற்சுற்றில் அது வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை எதிர்கொண்டது. ஆடவர் போட்டியில் ஒவ்வொரு பகுதியிலும் முதல் தரம் பெற்ற அணி, பதினாறாம் தரம் பெற்ற அணியிடம் அதுவரை தோற்றதே இல்லை. 135 ஆட்டங்களிலும் முதல் தர அணியே வென்றிருந்தது. அன்று யு.எம்.பி.சி. 74-54 என்ற கணக்கில் வென்றது.

ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே அக்கல்லூரியின் ட்விட்டர் கணக்கிலிருந்து நகைச்சுவை ததும்பும் சொற்கள் தொடர்ந்து வந்தன. தம்மைப் பொருட்படுத்தாது முன்கூட்டியே முடிவு கூறியவர்க்குப் பண்பு பிறழாத கேலியோடு விடை தரப்பட்டது. அதனை இயக்கியவர் ஒற்றை அலுவலர். ஆட்டத்துக்கு முன் சில ஆயிரமாக இருந்த பின்தொடர்வோர் தொகை ஓரிரு நாள்களில் ஓர் இலட்சத்தைக் கடந்தது. அடுத்த ஆட்டத்தில் அவ்வணி கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 43-50 எனத் தோற்றது. ஆயினும் அதற்குள் அக்கல்லூரியின் பெயரையும், அதன் கல்விச் சிறப்பையும் நாடு அறிந்துகொண்டது.

அதே ஆண்டு அதே போட்டியில் சிகாகோ லயோலா பல்கலைக்கழக அணி இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாயிற்று. அவ்வணியின் ஆன்மிக வழிகாட்டியான அருட்சகோதரி ஜீன் அப்போது 98 வயதினர். சக்கர நாற்காலியில் அமர்ந்து மாணவரை ஊக்கிய அவர்தம் உருவம் ஊடகமெங்கும் பரவியது. 2025 அக்டோபரில் தம் 106-ஆம் வயதில் அவர் மறைந்தபோது கூடைப்பந்து அறியாதாரும் அவரை நினைவுகூர்ந்தனர். ஒரு சமயச் சார்புக் கல்லூரியின் அன்புநெறியை ஆயிரம் விளம்பரப் பலகைகளைவிட அம்முதியவரின் முகம் எடுத்துரைத்தது.

மகளிர் ஆட்டத்துக்குக் கிடைத்த வெளிச்சம்

கல்வி நிலையங்களில் பால் வேறுபாடு கூடாது என அமெரிக்கா 1972-இல் சட்டம் இயற்றியது. எனினும் மகளிர் விளையாட்டுக்கு உரிய இடம் ஊடகத்தில் கிடைக்கவில்லை. 2021 மார்ச்சில் தேசியக் கூடைப்பந்துப் போட்டி நோய்த்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகளோடு நடந்தது. இண்டியானாவில் ஆடவர்க்கு விரிந்த எடைப் பயிற்சிக் கூடம் அமைந்திருக்க, டெக்சாசில் மகளிர்க்கு வைக்கப்பட்டிருந்ததோ ஒரே ஓர் அடுக்குச் சிற்றெடைகள். ஒரிகன் பல்கலைக்கழக ஆட்டக்காரி செடோனா பிரின்ஸ் அதனைத் தம் கைப்பேசியில் படம் பிடித்து வெளியிட்டார். ஒரு நிமிடமும் நீளாத அக்காணொலியைக் கோடிக்கணக்கானோர் கண்டனர். சில நாள்களுக்குள் மகளிர்க்கு முறையான பயிற்சிக் கூடம் அமைந்தது. என்.சி.ஏ.ஏ. வெளியாரைக்கொண்டு ஆய்வு நடத்தியது. 2022 முதல் மகளிர் போட்டியிலும் ஆடவர்க்கு இணையாக 68 அணிகள் இடம்பெற்றன. கல்லூரி தன் புகழைப் பரப்பப் பயன்படுத்திய அதே கருவி, மாணவி தன் குறையை உரைக்கவும் பயன்பட்டது என்பது ஊன்றிக் கருதத்தக்கது.

இதனை அடுத்து வந்த ஆண்டுகளில் மகளிர் ஆட்டம் பெரும் வளர்ச்சி கண்டது. 2023 ஆகஸ்டு 30-ஆம் நாள் நெப்ராஸ்கா பல்கலைக்கழக மகளிர் கைப்பந்து ஆட்டத்தைக் காணக் காற்பந்து அரங்கில் கூடியோர் 92,003 பேர். அம்மாநில மக்கள்தொகையே ஏறத்தாழ 20 இலட்சம்தான். 2024 ஏப்ரலில் தென் கரோலினாவும் அயோவாவும் மோதிய மகளிர் கூடைப்பந்து இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் சராசரியாக 1 கோடியே 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர். அவ்வாண்டு ஆடவர் இறுதியாட்டத்தைக் கண்டோர் சுமார் 1 கோடியே 48 இலட்சம். அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் போன்றோரின் ஆற்றலே இதற்கு முதற்காரணம். அவ்வாற்றலை வீடுதோறும் கொண்டு சேர்த்ததில் அன்றாடம் வெளிவந்த சிறு காணொலிகளுக்கும் பங்குண்டு.

முகம் யாருடையது?

இங்கு ஒரு வினா எழுகிறது. கல்லூரியின் பக்கத்தை நிரப்புவது மாணவரின் முகம். அம்முகத்தைக் காணவே இரசிகர் வருகின்றனர். அதனால் வரும் பயன் யாருக்கு? நெடுங்காலம் கல்லூரிக்கும் ஊடகத்துக்குமே அப்பயன் சென்றது. கல்வி உதவித்தொகை தவிர வேறு ஊதியம் பெற மாணவர்க்கு விதி இடந்தரவில்லை. 2021 ஜூலை 1 முதல் தம் பெயர், உருவம், தோற்றம் ஆகியவற்றைப் பயன்படுத்தும் வணிகரிடம் மாணவர் பொருள் பெறலாம் என்ற நிலை வந்தது. 2025 ஜூன் 6-ஆம் நாள் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, கல்லூரிகளே தம் ஆட்டக்காரர்க்கு நேரடியாகப் பொருள் வழங்கலாம். முதலாண்டில் ஒரு கல்லூரி வழங்கத்தக்க உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டாலர்.

இம்மாற்றம் விளையாட்டுத் துறையின் பணியையும் மாற்றியது. முன்னர் ஆட்டப் படங்கள் பெரும்பாலும் கல்லூரிக் கணக்கில் வெளிவந்தன. இப்போது ஆட்டம் முடியுமுன்னரே அப்படங்களை மாணவரின் கைப்பேசிக்கு அனுப்பும் ஏற்பாடு பல கல்லூரிகளில் உள்ளது. மாணவர் தம் கணக்கில் அவற்றை வெளியிட, அவரைப் பின்தொடர்வோர் கல்லூரியையும் அறிகின்றனர். இருவர்க்கும் இதனால் நன்மை உண்டு.

ஒளியின் பின்னே நிழல்

திறந்த வாயிலில் நல்லோர் மட்டும் நுழைவதில்லை. என்.சி.ஏ.ஏ. மேற்கொண்ட ஆய்வொன்றின் முடிவு 2024 அக்டோபரில் வெளிவந்தது. 3,000-க்கும் மேற்பட்ட மாணவ ஆட்டக்காரரையும், பயிற்றுநர், நடுவர் முதலியோரையும் நோக்கி எழுதப்பட்ட 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் அதில் ஆராயப்பட்டன. அவற்றுள் 5,000-க்கும் மேலானவை இழிசொல்லும் அச்சுறுத்தலும் கொண்டவை என உறுதிசெய்யப்பட்டன. அவற்றில் 18 விழுக்காடு பாலியல் இழிவு சார்ந்தவை. 12 விழுக்காடு சூதாட்டம் சார்ந்தவை. 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் விளையாட்டுச் சூதாட்டத்துக்கு இருந்த கூட்டாட்சித் தடை நீங்கிற்று. அதன்பின் பல மாநிலங்கள் அதனை அனுமதித்தன. பணம் இழந்தவன் தன் வெகுளியைப் பந்தைத் தவறவிட்ட பத்தொன்பது வயது மாணவன்மேல் கொட்டுகிறான். அம்மாணவன் மறுநாள் காலையில் வகுப்பறைக்குச் செல்ல வேண்டியவன் என்பதை அவன் எண்ணுவதில்லை.

இதனை உணர்ந்த விளையாட்டுத் துறைகள் சில காவல்களை மேற்கொள்கின்றன. இழிசொற்களை வடிகட்டி மறைக்கும் வசதியைப் பயன்படுத்துகின்றன. அச்சுறுத்தல்களைக் காவல்துறைக்குத் தெரிவிக்கின்றன. மாணவர்க்கு மனநல ஆலோசகரைத் துணையாக்குகின்றன. போட்டி நாள்களில் கைப்பேசியை ஒதுக்கிவைக்கும்படி அறிவுறுத்தும் பயிற்றுநரும் உளர். மாணவியரின் நிலையில் கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும். தம் மகளின் படம் யார் கையில் எங்ஙனம் பயன்படுமோ என்று கவலுறும் பெற்றோர் எந்நாட்டிலும் உண்டு, அக்கவலை நேரியதே.

1906-இல் மாணவரின் உடலைக் காக்கச் சங்கம் கண்ட நாடு, இன்று அவர் உள்ளத்தைக் காக்க வழி தேடுகிறது. அன்று களத்தில் எலும்பு முறிந்தது. இன்று கைப்பேசியில் மனம் முறிகிறது.

நிறைவாக

பிறர் வாயிலில் காத்துநின்ற கல்லூரிக்குச் சமூக ஊடகம் சொந்த வாயிலைத் தந்தது. பொருள்வளம் குறைந்த கல்லூரியும் மதிநுட்பத்தால் நாடறியப் பேசலாம் என்பதை யு.எம்.பி.சி. காட்டியது. மறைந்து கிடந்த மகளிர் ஆட்டம் அதனால் ஒளி பெற்றது. இத்தனைக்கும் அடிப்படை, ஆட்டக்காரரை மனிதராகக் காட்டியமையே. எங்கு அவர் எண்ணிக்கை பெருக்கும் பண்டமாகக் கருதப்பட்டாரோ அங்குத் தீங்கு புகுந்தது.

நம் கல்லூரிகளும் விளையாட்டு விழாப் படங்களை முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் வெளியிட்டு வருகின்றன. அவற்றின் அளவு சிறிதாயினும் பொறுப்பு சிறிதன்று. வென்றவரோடு தோற்றவரின் உழைப்பையும் சொல்லுதல், படத்தில் உள்ளவரின் இசைவைக் கேட்டுப் பெறுதல், அவர்மேல் இழிசொல் வீசப்படின் கல்லூரியே முன்னின்று காத்தல் ஆகிய மூன்றும் செலவில்லாப் பணிகள். பின்தொடர்வோர் எத்தனை ஆயிரவர் என்று வினவுமுன், படத்தில் நிற்கும் மாணவரின் பெற்றோர் அதனைக் கண்டு மகிழ்வரா என்று நாம் வினவுதல் நன்று. அவ்வினாவுக்கு ஆம் என விடை கூறத்தக்க பக்கமே ஒரு கல்லூரியின் பெயரைத் தாங்கத் தகுதியுடையது.